தெரு கேட்ட தீர்ப்பு

“அண்ணனுக்கு உசுருப் பிச்ச கேக்கறதுல இன்னாம்மா வெக்கம்?” என்றார் வேணுகோபால்.

தோளில் மாட்டியிருந்த பையை இறக்கக்கூடத் தேவிப்ரியாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் நைட் ஷிப்டை முடித்துவிட்டு, யூனிபார்மைக்கூட மாற்றாமல் பஸ் ஏறி, ஆரணியில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்தில் இருக்கிற ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அம்மா ரேணுகாம்பாள் தறிக்குழி ஓரமாகச் சுவரில் சாய்ந்து கிடந்தாள். தறியில் புடவை பாதியில் நின்றிருந்தது. அதை நெய்துகொண்டிருந்த பார்த்திபன் ஜெயிலில் இருந்தான்.

பார்த்திபன் அவளுடைய அண்ணன். அவன் கொன்றது அவளுடைய அக்கா துர்காவை.

“நான் இன்னா பேசணும் பெரியப்பா?”

“அப்டி கேளு. சாயங்காலம் மேடையில அஞ்சு நிமிஷம். ‘எங்கக்கா போய்ட்டா, எங்கண்ணனயாவது எங்களுக்கு வுடுங்க, தூக்கு வேணாம்’னு சொல்லு. வக்கீல் சொல்றாரு, செத்தவ கூடப் பொறந்தவளே மன்னிச்சுட்டான்னு வீடியோ ஒண்ணு கையில இருந்தா, நாளைக்கு எல்லாத்துக்கும் ஆவும்னு.”

“போன மாசம் இதே மேடையில தூக்கு வேணும்னு பேசச் சொன்னீங்களே?”

வேணுகோபால் சிரித்தார். தெருவில் பாதித் தறிகளுக்குப் பட்டு நூல் கொடுத்துப் புடவை வாங்குகிற முதலாளி அவர். கோபத்தையும் சிரித்துக்கொண்டே காட்டிப் பழகியவர். “அப்போ விஷயம் வேற கண்ணு. இப்போ நம்ம வூட்டு விஷயம்” என்று சொல்லிவிட்டு எழுந்தார். “ரேணுகா, பொண்ணுக்கு எடுத்துச் சொல்லு. ஜல்தியா குளிச்சிட்டு ரெடியாவச் சொல்லு.”

அப்போது விஷயம் வேறாகத்தான் இருந்தது.

துர்கா இரண்டு வருஷத்துக்கு முன்னால் துரையைக் கட்டிக்கொண்டு போனாள். துரை காலனிக்காரன். அரிசி ஆலையில் வேலை. அன்றிலிருந்து அவளுடைய பேரைத் தெருவில் யாரும் சொல்லவில்லை. மார்க்கெட்டில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். போன மாதம் முள்ளிப்பட்டு ரோட்டோரம் முட்புதரில் அவள் கத்திக் குத்தோடு கிடந்தபோது, மத்தியானத்துக்குள் அவள் ‘நம்ம தெருப் பொண்ணு’ ஆகிவிட்டாள். உயிரோடு இருந்தவரைக்கும் தெருவுக்குள் கால் வைக்க விடாதவர்கள், பிணமான பிறகு அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி பேனர் கட்டினார்கள்.

கொன்றவன் துரைதான் என்று தெரு முடிவு கட்டியது. போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. பஸ் ஸ்டாண்டு எதிரே மறியல் நடந்தது. ‘கொலைகாரனைத் தூக்கில் போடு’ என்று சுவரெல்லாம் போஸ்டர். டிவிக்காரர்கள் மைக்கை நீட்டியபோது வேணுகோபால் சொன்னார்: “ஆயுள் தண்டனைன்னா இன்னாங்க? கவர்மெண்ட்டு சோறு. அப்பறம் ஒருநாள் நன்னடத்தைன்னு வெளிய வுட்ருவாங்க. இவனுங்களுக்கெல்லாம் தூக்கு ஒண்ணுதாங்க மருந்து.”

அந்தச் சூட்டில்தான் ஆடித் திருவிழாவுக்குப் பட்டிமன்றம் வைப்பது என்று கமிட்டி முடிவு செய்தது. கொலை செய்தவனுக்கு ஏற்றது தூக்குத் தண்டனையா, ஆயுள் தண்டனையா? தலைப்பும் நோட்டீசும் தயார். தீர்ப்பு என்னவென்பதும் தயார். துரைக்குத் தூக்கு.

பிறகு ஒரு பெட்ரோல் பங்கு கேமராவில், துர்காவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போன பார்த்திபனின் பைக் தெரிந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வந்து பார்த்துவிட்டுப் போ என்று கூப்பிட்டிருக்கிறான். இரண்டு வருஷம் கழித்துத் தாய்வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று அவளும் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். பார்த்திபன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். துரை நொண்டிக்கொண்டே வெளியே வந்தான். அன்றைக்கே போஸ்டர்கள் எல்லாம் சுவரிலிருந்து காணாமல் போயின.

பட்டிமன்றத்தை மட்டும் நிறுத்தவில்லை. பேச்சாளர்களுக்குத் தேதி சொல்லியாகிவிட்டது, பந்தல் போட்டாகிவிட்டது. தீர்ப்பை மாற்றிக்கொண்டால் போதும் என்று கமிட்டி நினைத்தது.

வேணுகோபால் தலை மறைந்ததும் ரேணுகாம்பாள் வாயைத் திறந்தாள். “பேசிடுடி.”

“யம்மா, அவன் அக்காவக் கொன்னவன்.”

“தெரியும். நான்தான ரெண்டையும் பெத்தேன்.” அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை. வந்து வந்து தீர்ந்து போயிருந்தது. “ஒண்ணு மண்ணுல போச்சு. இன்னொண்ணயும் கயித்துல தொங்க வுடச் சொல்றியா? அவனுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சோ, எந்தப் பேய் புடிச்சுதோ. தானா வந்த ரோஷம், தானா அழிஞ்சான். பெரியப்பாதான் வக்கீல் வெச்சிக் குடுத்திருக்கார். அவர் மூஞ்சிக்காகவாவது பேசு.”

தானா வந்த ரோஷம்.

அது தானாக வந்ததில்லை என்பது தேவிப்ரியாவுக்குத் தெரியும். பொங்கல் லீவில் வீட்டுக்கு வந்திருந்தபோது நடந்தது. பட்டுத் தறிக்கு நீளவாட்டு இழைகளான பாவை ஏற்றுவதற்கு முன்னால், அந்த இழைகளை விடிகாலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற வேலையில்லை அது. இன்றைக்கு உன் பாவுக்கு நான் வருவேன், நாளைக்கு என் பாவுக்கு நீ வருவாய். கூப்பிடாமலே வருவார்கள். அன்றைக்குப் பார்த்திபன் பாவை நீட்டிக் கட்டிவிட்டு நின்றான். ஒருவரும் வரவில்லை. எதிர் வீட்டுக் கதவு திறந்து, பார்த்து, மூடியது. வெயில் ஏறியது. இழைகள் காய்ந்து முறுக்கிக்கொண்டன.

அவள் டீ எடுத்துக்கொண்டு போனபோது வேணுகோபால் அண்ணன் தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். அவள் பின்னால் வந்ததை அவர் கவனிக்கவில்லை.

“ஒண்ணு அவ இருக்கணும், இல்ல உன் பாவு இந்தத் தெருவுல ஓடணும். ரெண்டுல எதுன்னு நீயே முடிவு பண்ணு. ஆம்பளதான நீ?”

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பார்த்திபன் பாவை வெளியூருக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கூலிக்கு ஆள் வைத்து நீட்டினான். துர்காவின் காரியம் முடிந்த கையோடு, அவனைப் போலீஸ் பிடிப்பதற்கு முன்னால், மறுபடியும் தெருவில் பாவு நீட்டினான். அன்றைக்குத் தெருவே வந்து கை கொடுத்தது. துக்க வீட்டுக்கு ஒத்தாசை என்றார்கள்.

விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் தேவிப்ரியா இதைச் சொன்னாள். அவர் பேனாவை மூடினார். “இதெல்லாம் பேச்சு வாக்குல சொல்றதும்மா. இத நாலு பேரு எதிர்ல உன்னால சொல்ல முடியுமா? அப்பறம் அந்தத் தெருவுல உங்கம்மா குடியிருக்க வேணாமா?” என்று கேட்டார்.

அம்மாவிடம் சொல்லத்தான் அவளுக்குத் தைரியம் வரவில்லை. தறிக்கு நூலும் வேணுகோபாலுடையது, ஜெயிலில் இருக்கிற மகனுக்கு வக்கீலும் அவர் வைத்தவர். அதைச் சொன்னால் அம்மா எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்?

சாயங்காலம் பந்தல் நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் நடுவர் சுமதிராஜ் உட்கார்ந்திருந்தார். தெள்ளாரில் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஜைனர். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு, வெந்நீர் டம்ளரோடு இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

“உன் துக்கம் பெருசும்மா. ஆனா ஒண்ணு சொல்லணும். போன மாசம் போன் பண்ணப்போ, தூக்குன்னுதான் தீர்ப்பு வேணும்னாங்க. ஒரு உசுர எடுன்னு என் வாயால வராதுங்கன்னேன். அப்போ வேற ஆளப் பாத்துக்கறோம்னு வெச்சிட்டாங்க. நேத்து அவங்களே கூப்ட்டு, ஆயுள்னே சொல்லுங்கன்றாங்க. தன் வூட்டுப் புள்ளன்னு வந்தப்புறமாவது உசுரோட அருமை தெரிஞ்சுதே. ஒரு தெருவே மனசு மாறுறதுன்னா சின்ன விஷயமா?”

“மனசு மாறல சார். ஆள்தான் மாறிட்டான்.”

சுமதிராஜ் டம்ளரைக் கீழே வைத்தார்.

“துரைய ஸ்டேஷன்ல வெச்சிருந்தப்போ அவன் உசுருக்கு யாரும் பட்டிமன்றம் வெக்கல சார்” என்றாள் அவள். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கமிட்டி ஆட்கள் வந்து, மாலை போட வேண்டும் என்று மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

தூக்குக்காகப் பேச வந்தவர் ஆரம்பத்திலேயே கையைத் தூக்கிவிட்டார். “பட்டுப்பூச்சியக் கொதிக்கற தண்ணியில போட்டு நூல் எடுக்கற ஊர் இது. இங்க வந்து நான் ஒரு கழுத்துக்குத் தூக்கு கேட்டா தப்பான்னு பேசலாம்னுதான் வந்தேன். ஆனா கமிட்டியில கண்ணக் காட்டறாங்க. அதனால பட்டும் படாமலும் பேசிட்டு உக்காந்துடறேன்.” கூட்டம் சிரித்தது.

அடுத்து எழுந்தவர் குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டார். “பாசம் இருக்கற எடத்துலதானய்யா கோவம் வரும்? பக்கத்து வூட்டுப் பொண்ணு ஓடிப்போனா எவனாவது துடிக்கறானா? கூடப் பொறந்தவ, குடும்பத்து மானத்தக் காலுல போட்டு மிதிச்சிட்டுப் போனா, அண்ணன் நெஞ்சு வெடிக்காதா? அய்யா, அவன் கையில இருந்தது கத்தி இல்லைய்யா, பாசம்!”

விசில் பறந்தது. பெண்கள் பக்கத்திலும் சிலர் கை தட்டினார்கள். முன் வரிசையில் ரேணுகாம்பாள் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். மகனைக் காப்பாற்றுகிற பேச்சுதான் அது. ஆனால் கை தட்டல் எழுந்தபோது, யாரோ கன்னத்தில் அறைந்தது போல அவள் முகம் ஒரு பக்கமாகத் திரும்பியதை மேடை ஓரத்திலிருந்து தேவிப்ரியா பார்த்தாள்.

“இப்போ தங்கச்சி தேவிப்ரியா பேசுவாங்க. எல்லாரும் கொஞ்சம் கம்முனு இருங்க” என்றது மைக்.

அவள் மைக் முன்னால் போய் நின்றாள். கீழே ஒரு பையன் போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தான். வேணுகோபால் முன்னால் உட்கார்ந்து, குழந்தைக்குத் தைரியம் சொல்வது போலத் தலையை ஆட்டினார்.

“எங்கண்ணனுக்குத் தூக்கு வேணும்னு நான் கேக்க வரல” என்றாள்.

கை தட்டினார்கள்.

“எங்க மாமா தொரைக்கும் நான் கேக்கல. நீங்கதான் கேட்டீங்க.”

கை தட்டல் ஓய்ந்தது. அந்தத் தெருவில் துரையை யாரும் மாமா என்று சொல்லிக் கேட்டதில்லை. பின்னால் ஒருவன், “இன்னாடி ஒளர்ற, எறங்குடி” என்றான்.

“என் அண்ணன் ஜெயில்லயே கெடக்கட்டும். செஞ்சதுக்கு அனுபவிக்கட்டும். கோர்ட்டு பாத்துக்கும். ஆனா அவன் கையில இருந்தது பாசம்னு சொன்னாங்களே, அது பாசம் இல்ல. அந்தக் கத்திய அவன் கையில குடுத்த ஆளுங்க யாரு? பொங்கலப்போ அவன் தெருவுல பாவ நீட்டிட்டு நின்னுகினு இருந்தான். நீங்க ஒருத்தர்கூட வரல. அக்கா செத்தப்புறம் எல்லாரும் வந்தீங்க. யாரும் வராத அன்னிக்கு நான் டீ எடுத்துனு போறேன், வேணுகோபால் பெரியப்பா அவன் தோள்ல கையப் போட்டுகினு, ஒண்ணு அவ இருக்கணும்...”

மைக் செத்தது.

அவள் நிறுத்தவில்லை. மிச்சத்தை வெறும் குரலில் சொன்னாள். முன்னால் இருந்த இரண்டு வரிசைக்குத்தான் எட்டியது. அதற்குள் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டை அலற விட்டார்கள். வீடியோ எடுத்த பையன் போனை இறக்கினான். வேணுகோபால் எழுந்து, சிரிப்பு மாறாமல், “புள்ளைக்குத் துக்கத்துல மூள கலங்கிடுச்சி. ரேணுகா, போய் எறக்கி இட்டுக்கினு வா” என்றார்.

சுமதிராஜ் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார். மாலையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல.

ரேணுகாம்பாள் எழுந்தாள். கூட்டம் வழி விட்டது. பெற்றவள் போய் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள், எல்லாம் முடிந்துவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் மேடைப் படிக்குப் போகவில்லை. பக்கவாட்டில் சவுண்டு சர்வீஸ்காரன் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய், அவன் முன்னால் நின்றாள்.

“பாட்ட நிறுத்துடா.”

அவன் வேணுகோபாலைப் பார்த்தான். அவள் குனிந்து, சுவரில் செருகியிருந்த வயரைத் தானே பிடுங்கினாள். பாட்டு பாதியில் நின்றது. வேணுகோபாலின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், மேடையில் நின்றிருந்த மகளை அண்ணாந்து பார்த்தாள்.

“அவரு இன்னா சொன்னாருன்னு இன்னொரு வாட்டி சொல்லும்மா. சத்தமா சொல்லு. பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல.”