கிளாக்கரின் சட்டிக்குப் போன சாயத்தண்ணி

பெரிய கிளாக்கர் இளையதம்பிக்கு அப்புத்தளைப் பனி ஒத்துவரவே இல்லை. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த நெஞ்சு அது. தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த முதல் மாதமே இழுப்புப் பிடித்துக்கொண்டது. பதுளையில் வாங்கிய மாத்திரைகள் அவரைத் தூங்கவைத்தனவே தவிர மூச்சுவிட வைக்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது கற்பூரவள்ளிதான். காலையில் இரண்டு இலையைக் கிள்ளி மென்றால் பகல் முழுக்க மனுஷனாக நடமாடலாம். வெளியே வைத்தால் குளிரில் கருகுகிறது என்று தோட்ட ஆபீஸ் ஜன்னலோரம் மூன்று சட்டிகளில் அதை வளர்த்தார்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு மாரியில் அந்தச் சட்டிகளில் ஈ பிடித்தது.

கடுகளவுகூட இல்லாத கறுப்புப் பூச்சி. சட்டியைத் தொட்டால் கூட்டமாக எழும்பும். ஆபீசை ஒரு சுற்றுச் சுற்றும். பிறகு ஈரமண்ணிலேயே போய்க் குந்திக்கொள்ளும். இளையதம்பி அவற்றைக் காணாதவர்போலவே இருந்து பார்த்தார். ஆனால் ஒரு திங்கட்கிழமை தோட்டத்தை நடத்துகிற துரை கொழும்புக்கு டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பூச்சி நேராக அவர் தொண்டைக்குள் போய்விட்டது. ஐந்து நிமிடம் கொழும்பில் இருந்தவர்கள் இருமலைத்தான் கேட்டார்கள்.

கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த துரை, “சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன், கிளாக்கர்,” என்றார். “ஈ போகணும். இல்லாட்டி சட்டி போகணும்.”

சட்டி போனால் தன் மூச்சும் பின்னாலேயே போய்விடும் என்று இளையதம்பி பயந்தார். உண்மையாகவே பயந்தார்.

அன்று மாலையே சாம்பிராணி போட்டார்கள். பூச்சிகள் சௌக்கியமாக இருந்தன. இளையதம்பியைத்தான் இரண்டு பேர் பிடித்து வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. மறுநாள் டைப்பிஸ்ட் கலாராணி, மஞ்சள் நிறத்துக்கு இந்தப் பூச்சி மயங்கும் என்று சொல்லி, மஞ்சள் அட்டையில் தேங்காய் எண்ணெய் தடவித் தொங்கவிட்டாள். நாற்பது பூச்சி ஒட்டியது. துரையின் தொப்பியும் ஒட்டியது. மலைக் கங்காணி கேள்விப்பட்டு, மருந்தடிக்கிற ஆட்கள் ஆறு பேரை முதுகில் டாங்கியோடு காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் நிற்பதுபோல ஆபீஸ் வாசலில் வரிசையாக நிறுத்திவிட்டார். மூன்று சட்டிக்கு ஆறு பேர்!

“நான் தின்னுற இலையப்பா அது! மருந்தடிச்சால் ஈயோட சேர்ந்து நானுமெல்லோ போயிடுவன்!” என்று இளையதம்பி கையெடுத்துக் கும்பிட்டு அவர்களைத் திருப்பி அனுப்பினார்.

கலாராணிதான் மறுபடி வழி சொன்னாள். “மேல்மண்ணு காஞ்சா குஞ்செல்லாம் செத்துருமாங்கய்யா. ரேடியோவுல சொன்னாங்க. ஒரு நாலு நாளைக்குத் தண்ணி ஊத்தாம விட்டுப் பாருங்க.”

இளையதம்பி தண்ணீர் ஊற்றுகிற தகரக் குவளையை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். புதன்கிழமை மண்ணைத் தொட்டுப் பார்த்தார்; ஈரம். வியாழக்கிழமை முந்தின நாளைவிட ஈரம். சட்டிக்கு அடியில் ஊற்று ஏதும் கிளம்பியிருக்கிறதோ என்று படித்த மனுஷன் சட்டியைத் தூக்கிக்கூடப் பார்த்தார்.

“பிள்ளை, நீர் தண்ணி விட்டனீரோ?”

“சத்தியமா இல்லைங்கய்யா.”

அவள் பொய் சொல்லவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை இளையதம்பி அப்புத்தளைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கோப்பு அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தொழிற்சாலையில் ஒவ்வொரு தடவை தூள் வறுத்து இறக்கியதும், டீமேக்கர் இராசையா அதில் சாயம், அதாவது வெறும் தேத்தண்ணி, ஊற்றி ஆபீசுக்கு அனுப்புவார். ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஆளுக்கொரு கோப்பை. பாலும் கிடையாது, சீனியும் கிடையாது. நாக்கை உரித்துப்போடுகிற சாயம். கோப்பை காலியாகத் திரும்பினால் இராசையாவுக்கு அன்றைக்குத் தீபாவளி. கொஞ்சம் மிச்சம் வந்தாலோ, மனுஷன் முகம் தொங்கிப்போய் நேரிலேயே வந்து, “என்னங்க கொறை?” என்று கேட்டு, கொழுந்து வாடிய கதையை அரைமணி நேரம் சொல்லுவார். இருபது வருஷ டீமேக்கர். அவர் மனதை நோகடிக்க யாருக்கும் வாய் வராது.

பத்து மணிக்குச் சாயம் வந்தது. கொண்டுவந்த ஆபீஸ் வேலைக்காரி பாக்கியலெட்சுமி கோப்பைகளை மேசையில் வைத்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். தன் பங்கை முதல் சட்டியில் கவிழ்த்தாள். அவள் போனதும் கலாராணி எழுந்து வந்து இரண்டாவது சட்டியில் கவிழ்த்தாள். பிறகு துரை, சாட்சாத் துரையே, பூனைபோல வந்து மூன்றாவது சட்டியில் கவிழ்த்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போனார்.

இளையதம்பிக்குக் கோபம் பொங்கியது. வெளியே பாயப்போனவர் அப்படியே நின்றுவிட்டார். நேற்று மூன்று கோப்பை, முந்தாநாள் மூன்று கோப்பை, அவரும்தானே அதே சட்டிகளில் ஊற்றினார்? தண்ணீரைப் பூட்டிவைத்த மனுஷன் தேத்தண்ணியைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. தான் ஒருவர் ஊற்றுவது செடிக்கு உரம் என்றுதான் நினைத்திருந்தார்.

துரையிடம் போய் ஊற்றாதீர்கள் என்று சொல்ல முடியுமா? இனி ஒரே வழி, இராசையாவிடம் உண்மையைச் சொல்லிச் சாயத்தை நிறுத்துவது. அதை நினைத்தாலே அவருக்கு இழுப்பு வந்தது.

சனிக்கிழமை காலை இராசையா தானாகவே வந்து சேர்ந்தார். ஈக்காகத் துரை சட்டிகளைத் தூக்கப்போகிறாராம், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். பாக்கியலெட்சுமி அவர் கையிலும் ஒரு கோப்பையைக் கொடுத்தாள். எல்லோரும் கோப்பையும் கையுமாக, குடிக்கவும் முடியாமல் கொட்டவும் முடியாமல் நின்றார்கள். நல்லவேளையாகத் துரையின் அறையில் டெலிபோன் அடித்தது. துரை ஓடினார், ஏதோ கடிதம் வேண்டும் என்று கலாராணியும் ஓடினாள், பாக்கியலெட்சுமிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, அவளும் ஓடினாள். இளையதம்பி கோப்பு எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பி, சொல்லிவிடுவது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு மறுபடி திரும்பினார்.

இராசையா தன் கோப்பையை நடுச்சட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். விரலால் மண்ணைக் கிளறி மூடவும் செய்தார். பூச்சிகள் எழும்பி அவர் மீசையில் உட்கார்ந்தன.

“டீமேக்கர்!”

இராசையா அசடு வழியக் கதவோரம் ஒதுங்கினார். “வயித்துல புண்ணுங்கய்யா. சாயத்தண்ணி தொடவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. எட்டு வருஷமாச்சு. தொழிற்சாலையில நாக்குல வச்சுத் துப்பிடுவேன்.”

“அப்ப ஏனப்பா எங்களுக்கு மூண்டு நேரமும் அனுப்புறீர்?”

“நீங்க எல்லாரும் ஒரு சொட்டு விடாம ஆசையா குடிக்கிறீங்களே! கோப்பை அப்புடியே காலியா வருது. எங்கையால ஊத்தினதை இம்புட்டு ஆசையா வேற யாருங்க குடிச்சாங்க? அதனாலதான் இந்தக் குளிர்லயும் விடாம...”

அந்த நேரம் பார்த்துத் துரை அறையிலிருந்து வெளியே வந்தார். கதவோரம் நின்ற இராசையாவைக் கவனிக்காமல், பழக்கதோஷத்தில் நேரே சட்டிக்குப் போய், நிறைந்த கோப்பையைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டையும் உதறினார். பிறகுதான் நிமிர்ந்தார்.

காலிக் கோப்பையைத் துரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“எல்லாருமாங்க?” என்று இராசையா இளையதம்பியிடம் மெதுவாகக் கேட்டார்.

“எல்லாருந்தான், இராசையா. நானும்.”

இராசையா கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். சட்டியைத் தூக்குவதைப் பற்றித் துரை அதன்பிறகு வாயே திறக்கவில்லை.

திங்கட்கிழமை சாயம் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அடுத்த வாரத்துக்குள் மேல்மண் காய்ந்து வெடித்தது. பூச்சி ஒன்றுகூட இல்லை. இளையதம்பி இரண்டு இலையைக் கிள்ளி மென்றார்; மூச்சு தாராளமாக வந்து போனது. ஆனாலும் பத்து மணியானால் அவரும் கலாராணியும் வாசலைப் பார்ப்பதும், துரை அறையைவிட்டு வெளியே வந்து சும்மா திரும்புவதுமாக ஆபீஸ் இழவு வீடு மாதிரிக் கிடந்தது. இளையதம்பிக்கு அது தாங்கவில்லை.

பத்தாம் நாள் இளையதம்பி பனிக்குள் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கத் தொழிற்சாலைக்கு இறங்கிப் போனார். இராசையா தூளைச் சலித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“இராசையா, ஒரு கோப்பை தாருமன்.”

“இங்க சட்டி இல்லைங்களேய்யா,” என்றார் இராசையா.

“தெரியும்,” என்று இளையதம்பி ஒரு தேயிலைப் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

இராசையா சாயம் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றார். இளையதம்பி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தார். பயங்கரமான கசப்பு. காலிக் கோப்பையை நீட்டினார்.

இராசையா அதை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு தரையில் ஈரம் இருக்கிறதா என்று பெட்டிக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.