இஞ்சி சாப்பிட்டாள்

மனைவி றோஸ்மேரி உயிரோடு இருந்தவரை டெஸ்மனுக்கு மகனோடு போனில் கதைத்துப் பழக்கமில்லை. பிறிஸ்பேனிலிருந்து அன்றூ போன் எடுத்தால், "ஓம் மகன், சுகமா? நில்லு, அம்மாட்டைக் குடுக்கிறன்" என்பார். அவ்வளவுதான். மிச்சத்தை அவள் கதைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் சுருக்கிச் சொல்வாள். மகனுக்குச் சம்பளம் கூடியதும், காதலி விட்டுப்போனதும் அப்படித்தான் அவருக்குத் தெரியவந்தன.

அவள் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடித்தது. நீட்டிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

அவர்கள் பேச்சில் அவளுடைய இடத்துக்கு ஓர் ஓணான் வந்து உட்கார்ந்தது. பள்ளிக்கூட நாட்களில் மலைப்பாம்பு வேண்டுமென்று நின்றவன் அன்றூ. நியூசிலாந்தில் பாம்பு வளர்க்கச் சட்டம் விடாது என்றதும், தாடி வைத்த ஆஸ்திரேலிய ஓணான் ஒன்றுக்கு இறங்கிவந்தான். அவன் வைத்த பெயர் ஜிஞ்சர். றோஸ்மேரி அதை இஞ்சி ஆக்கினாள். வேலை கிடைத்துப் போனபோது அவனால் அதைக் கொண்டுபோக முடியவில்லை. தன் இனம் பிறந்த நாட்டுக்குள் நுழைய அதற்கு அனுமதியில்லை. அங்கே போய் லைசென்ஸ் எடுத்து, ஒரு மலைப்பாம்பையே வாங்கிக்கொண்டான்.

"எங்கடை மன்னாரிலை பாம்பைக் கண்டால் தடி எடுப்பம். நீ காசு குடுத்து வாங்கியிருக்கிறாய்" என்றார் டெஸ்மன். அன்றூ சிரித்தான். தன் பகிடிக்கு மகன் சிரித்ததை அவர் அந்தக் கிழமை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார்.

அவன் ஆங்கிலத்தில் கேட்பான், இவர் தமிழில் சொல்வார்.

"இஞ்சி சாப்பிட்டாளா, டாட்?"

"சாப்பிட்டாள். பூசணிக்காயும் நாலஞ்சு பூச்சியும்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசாமல் இருப்பார்கள். ஆனால் போனை வைக்கமாட்டார்கள்.

பக்குரங்காவில் இருந்த வெற்றி அன்றூவின் கூட்டாளி. ஒரு மாதம் சென்னைக்குப் போனபோது தன் ஆண் ஓணானை ரானுயியில் இருந்த டெஸ்மனின் வீட்டில் விட்டுப்போனான். தனித்தனிப் பெட்டியில் வைக்கச் சொல்லியிருந்தான். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் ஒன்றும் அந்தப்பக்கம் ஒன்றுமாகப் பார்த்துக்கொண்டிருந்ததை டெஸ்மனால் சகிக்க முடியவில்லை. ஒன்றாக விட்டார். தனியாக இருப்பதைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வெற்றி வந்து தன் ஓணானைக் கொண்டுபோன பிறகு, வயதான இஞ்சி ஈரமண்ணைத் தோண்டி முட்டையிட்டாள். செய்தி கேட்ட அன்றூ ஞாயிறு வரை காத்திருக்கவில்லை, அன்றாடம் எடுத்தான். மேல்பக்கத்தில் பென்சிலால் அடையாளம் போடுங்கோ, டாட். கோழிமுட்டை மாதிரிப் புரட்டிவிடாதேங்கோ, உள்ளே இருக்கிறது செத்துப்போகும். டெஸ்மன் ஒவ்வொன்றின் மேலும் சின்னச் சிலுவை போட்டார். சுடுதண்ணி சிலிண்டர் நிற்கும் அலுமாரியிலிருந்து றோஸ்மேரியின் குளியல் துவாய்களை எடுத்துவிட்டு, அந்தச் சூட்டில் முட்டைப் பெட்டியை வைத்தார். இவ்வளவு கதை அவர்களுக்குள் ஒருநாளும் நடந்ததில்லை.

முட்டையிட்ட களைப்பிலிருந்து இஞ்சி தேறவில்லை. ஒரு காலையில் விளக்கின் கீழ் வாய் திறந்தபடி கிடந்தாள். தொட்டுப் பார்த்தார். விளக்குச் சூட்டில் உடம்பு வெதுவெதுப்பாகவே இருந்தது. ஃபீஜோவா மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து கை கழுவும்போது போன் அடித்தது.

"இஞ்சி சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாள்" என்றார்.

அதற்குப் பிறகு அதை மாற்ற வழி தெரியவில்லை. கிழமைக்குக் கிழமை அவள் சாப்பிட்டாள். ஒருமுறை பப்பாசிகூடச் சாப்பிட்டாள்.

முட்டைகளின் மேல் வியர்வை அரும்பியது. பிறகு ஒரு கீறல், அதற்குள் ஒரு மூக்கு. தலையை மட்டும் வெளியே நீட்டிவிட்டு, இந்த உலகத்துக்கு வரத்தான் வேண்டுமா என்று யோசிப்பதுபோல அவை வெகுநேரம் அப்படியே கிடந்தன. டெஸ்மன் அலுமாரிக் கதவருகே கதிரை போட்டு உட்கார்ந்து, வீடியோவில் மகனுக்குக் காட்டினார். அன்றூ சின்னப்பிள்ளைபோலக் கத்தினான்.

"இப்ப இஞ்சியைக் காட்டுங்கோ, டாட்."

அவர் போனை மடியில் கவிழ்த்தார்.

"அவள் இல்லை, மகன்."

"எப்ப?"

"முட்டை போட்டுக் கொஞ்ச நாளிலை."

"போன கிழமையும் சாப்பிட்டாள் எண்டீங்களே."

"ஓம்."

அவள் இல்லையென்று சொன்னால் நீ எதைக் கேட்க என்னை எடுப்பாய் என்று கேட்க நினைத்தார். "ஆணோடை விட்டது நான்தான்" என்று மட்டும் சொன்னார்.

அன்றூ கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம் என்று டெஸ்மனுக்குப் பட்டது. "பரவாயில்லை, டாட். இதெல்லாம் உங்களுக்குக் கரைச்சல். நான் வெற்றிக்குச் சொல்லிறன், வந்து எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போவான்" என்றான், மிகவும் அன்பாக.

சனிக்கிழமை வெற்றி வந்தான். குஞ்சுகளையும் விளக்கையும் கண்ணாடிப் பெட்டியையும் காரில் ஏற்றினான்.

"ஒண்ணு வச்சுக்கிறீங்களா அங்கிள்? ஆசையா பாத்துட்டே இருக்கீங்க."

"வேண்டாம் தம்பி."

இன்னோர் உயிரின் பேரில் பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. கார் போன பிறகு துவாய்களை மடித்துப் பழையபடி அலுமாரிக்குள் அடுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்கவில்லை. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்தவர் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, போனைச் சார்ஜில் போட்டு, அது நிறைந்ததும் கழற்றினார். இத்தனை வருசத்தில் அவராக மகனை எடுத்ததில்லை. எடுத்தார்.

"டாட்? என்ன நடந்தது?" அன்றூவின் குரலில் பயம்.

"ஒண்டும் நடக்கேல்லை."

"குஞ்சுகளுக்கு ஏதுமா?"

"அதெல்லாம் வெற்றி கொண்டுபோயிட்டான்."

"அப்ப?"

சொல்வதற்கு உண்மையிலேயே எதுவும் இல்லை.

"சும்மாதான் எடுத்தனான்."

"நான் கார் ஓடிக்கொண்டிருக்கிறன், டாட்."

"சரி, ஓடு."

அவன் வைக்கவில்லை. இவரும் வைக்கவில்லை. காரின் சிக்னல் டிக் டிக் என்று கேட்டது. எங்கோ திரும்பக் காத்து நிற்கிறான். டெஸ்மன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்து, அந்தச் சத்தம் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"டாட், இருக்கிறீங்களா?"

"ஓம்" என்றார்.