மழை நாள் வால்வு

மத்தியானம் மூன்று மணிக்கு மழை பிடித்தது. சாயப்பட்டறையில் எல்லோரும் நனையாத இடம் தேடி ஓட, தரணீதரன் மட்டும் குடையோடு பின்பக்கச் சுவருக்குப் போனான். மழை வந்தால் அவனுக்கு அங்கேதான் வேலை.

சாயக்கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். வெளிநாடு போகும் ஒவ்வொரு பனியனிலும் அதைச் சொல்லும் பச்சை அட்டை தொங்கியது. அட்டை ஒழுங்காகத்தான் தொங்கியது. கழிவுத்தொட்டி நிரம்பினால் மட்டும் மழைக்காகக் காத்திருப்பார்கள். ஓடையில் செந்தண்ணீர் புரளும்போது பின்சுவர் வால்வைத் திறந்துவிட்டால் சாயம் எது, சேறு எது என்று எந்த அதிகாரி கண்டார்?

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளும் இல்லை. மனைவி ஜெயசுதாவும் ஆறு வயது மகள் அனுப்ரியாவும் ஓடையின் கீழ்ப்பக்கம், இரண்டு மைல் தள்ளி மாமனார் தோட்டத்தில் இருந்தார்கள். பட்டறைக்குப் பக்கத்தில் அவன் தங்கியிருந்த ராயபுரத்து ஒற்றை அறை மூன்று பேருக்குப் போதாது என்று பேச்சு. தினமும் மெஸ் பொட்டலத்தைப் பிரித்துவைத்துச் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவான். பாவம்தான், ஆனால் கை சும்மா இருந்ததா? இன்றும் வால்வைத் திறந்துவிட்டான்.

ஒரு மணி நேரத்தில் ஜெயசுதா போன் செய்தாள்.

"ஏனுங்க, ஓடையில தண்ணி வந்துருச்சுங்க! போன வாரந்தான் ஓடையிலிருந்து கெணத்துக்குப் புதுசா வாய்க்கா வெட்டுனமுங்க, அப்பா மடையைத் தொறந்து உட்டுட்டாருங்க. பாப்பா அதுல எறங்கி ஒரே ஆட்டம். சத்தம் கேக்குதுங்களா?"

கேட்டது.

"பாப்பாவ மேல ஏத்து சுதா. மடையை அடைக்கச் சொல்லு. அது வெறும் மழைத்தண்ணி இல்ல."

"உங்குளுக்கு எப்படிங்க தெரியும்?"

"நாந்தான் தொறந்து உட்டேன்."

ஜெயசுதா போனை வைத்துவிட்டாள். நான்கு முறை கூப்பிட்டும் அவள் எடுக்கவில்லை. ஓடிப்போய் வால்வை மூடினான்.

"யாரைக் கேட்டு மூடுன? மழை உட்டுட்டா எங்க கொண்டுபோயி ஊத்தறது?" என்று ஜன்னலிலிருந்து கத்தினார் மேனேஜர். அவன் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு போன் போட்டான். பெயர் சொல்ல வேண்டாம், விவரம் போதும் என்றார்கள். பெயரையும் சொன்னான், திறந்த கை தன் கைதான் என்பதையும் சொன்னான்.

சாயங்காலம் தோட்டத்துக்குப் போனான். குளிப்பாட்டிய குழந்தை வாசல் கட்டிலில் உட்கார்ந்து கையைச் சொறிந்துகொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் ஊதா நிறத்தில் கிடந்தது. ஜெயசுதா அவனை உள்ளே கூப்பிடவில்லை.

"பாப்பா எறங்கலீன்னா இன்னைக்கும் மூடியிருக்க மாட்டீங்கல்லங்க?"

"மாட்டேன்" என்றான். பொய் சொல்ல அவனிடம் தெம்பு இல்லை.

"ஒவ்வொரு வால்வுக்குக் கீழயும் யாரோ பெத்த புள்ள தண்ணியில நிக்குதுங்க. அதுக்குத்தானுங்க சட்டம், அட்டையில தொங்கறதுக்கு இல்ல."