லியோன்ஸின் இடது முழங்கால்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். லியோன்ஸ் ரிஷார் கெட்டது ஜூலை முதல் சனிக்கிழமை, ஊர்க் கூடத்து விருந்தில். சிப்பி வளர்க்கிறவர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். "இந்த வருசப் பரிசு ரிஷார் வீட்டுக்கு" என்று அறிவித்ததும், சூப் அண்டாவுக்குப் பின்னால் நின்ற அவன் மனைவி ஸீட்டா கரண்டியை வைப்பதற்குள் அவன் மேடையேறிவிட்டான். மரத்தில் செதுக்கிய சிப்பி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். வாங்கினவன் சும்மா இறங்கியிருக்கலாம்.

"தொப்பி போடற நாள் உனக்கு எப்படித் தெரியுதுன்னு முப்பது வருசமாக் கேக்கறீங்க. இன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்றேன். இந்த இடது முழங்கால்தான்! குஞ்சு இறங்கற அன்னிக்குக் காலைல சுருக்குன்னு ஒரு வலி. ஒரு தடவகூடப் பொய் சொன்னதில்ல."

கூடம் கைதட்டியது. ஸீட்டா தட்டவில்லை.

கோடையில் பிடெஃபர்ட் ஆறு சூடேறியதும் சிப்பிகள் பால் விடும். ஒன்று ஆரம்பித்தால் போதும், பக்கத்தில் இருப்பது எல்லாம் சேர்ந்து விட்டுவிடும். அதில் பிறக்கும் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு மூன்று வாரம் மிதந்து திரிந்துவிட்டு, ஒட்டிக்கொள்ள இடம் தேடி இறங்கும். அப்போது அவை ஒட்டுவதற்கென்றே செய்த, ‘தொப்பி’ என்று பெயர்பெற்ற கூம்புப் பிளாஸ்டிக் தட்டுகள் சிமெண்டில் முக்கிக் காயவைக்கப்பட்டு, இட்லித் தட்டுகள் மாதிரி அடுக்கடுக்காகத் தண்ணீரில் தொங்க வேண்டும். முந்தினால் பாசியும், படகடியில் ஒட்டும் கொட்டலசும் ஏறி உட்கார்ந்து கொள்ளும். பிந்தினால் குஞ்சு வேறு இடம் பார்த்துப் போய்விடும். நாள் தப்பியவனுக்கு நாலு வருசம் கழித்து விற்கச் சிப்பி இருக்காது.

அந்த நாளை வருசா வருசம் சொன்னது ஸீட்டா. தன் பழைய நைலான் காலுறையைக் கம்பி வளையத்தில் மாட்டிச் சின்னப் படகின் பின்னால் இழுப்பாள். அகப்பட்டதைப் பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். குஞ்சின் உடம்பில் கறுப்பாக ஒரு கண் புள்ளி தெரிந்துவிட்டால், "நாளைக்குப் போடலாம்" என்பாள். மறுநாள் லியோன்ஸ் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்புவான். யாரோ கேட்டபோது முழங்கால் என்று விளையாட்டாகச் சொன்னான். சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டான் போலிருக்கிறது.

ஞாயிறு காலை கேட்டான், "ஆறு எப்படி இருக்கு?"

"முழங்காலக் கேளுங்க."

"தமாசுக்குச் சொன்னேன்டி."

"தமாசா? கரண்டியோட நின்னு கேட்டேனே, எனக்கு ஏன் சிரிப்பு வரல?"

பத்து நாள் இதே பதில்தான். கூடை கூடையாக ஸ்ட்ராபெரி வாங்கிவந்து வைத்தான். ஜாம் காய்ச்சினாளே தவிர ஆற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவள் தினமும் ஆற்றுக்குப் போய்வந்தாள், பார்த்தாள், பேசாமல் எழுந்தாள். அவள் இல்லாத நேரம் அவனும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தான். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்ததில் தன் இமை மயிர் தெரிந்தது.

படகுத்துறையிலோ தொல்லை தாங்கவில்லை. "என்னய்யா, கால் என்ன சொல்லுது?" என்று பக்கத்துப் படகுக்கார உல்ரிக் காலையும் மாலையும் கேட்டான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லியோன்ஸுக்கு வீம்பு தலைக்கேறியது. ஊர் பார்க்க ஆயிரத்து இருநூறு தொப்பிகளைப் படகில் ஏற்றினான். முழங்காலைத் தடவிக்கொண்டே, "நெருங்கிடுச்சு" என்றான்.

புதன்கிழமை விடிந்ததும் ஜன்னலைத் திறந்தான். எட்டுப் படகுகள், ஆள் உயரத்துக்குத் தொப்பி அடுக்கோடு, வரிசையாக ஆற்றில் போய்க்கொண்டிருந்தன. தன் பொய்யை நம்பி ஊரே கிளம்பிவிட்டது! முன்னால் போனது பிளான்ஷ் தெரோஷின் படகு. போன வருசப் புயலில் எல்லாவற்றையும் பறிகொடுத்தவள், இந்த வருசக் குஞ்சை நம்பித்தான் இருக்கிறாள்.

சமையலறைக்கு ஓடினான். ஸீட்டா ஜாமைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் இறங்கறாங்க! இன்னிக்குத்தானா? சொல்லித் தொலையேன்!"

"கால் என்ன சொல்லுது?"

துறைக்கு ஓடித் தன் படகில் ஏறி, படகுக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோவை எடுத்தான். பிளான்ஷை நினைத்தபோது மானம் மரியாதை எல்லாம் சின்னதாகத் தெரிந்தது.

"நான் லியோன்ஸ் பேசறேன். எல்லாரும் நில்லுங்க. முழங்கால் ஒண்ணும் சொல்லல. எப்பவுமே சொன்னதில்ல. முப்பது வருசமும் சொன்னது ஸீட்டா. அவளுக்கு வரவேண்டிய பேரை நான் வாங்கிக்கிட்டேன். இப்ப அவ எங்கிட்ட நாள் சொல்றதில்ல. நேத்து ஏத்தினது வெறும் வீம்புக்கு. பிளான்ஷ், நீ போடாதம்மா."

ரேடியோவில் உல்ரிக் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"யோவ், உன்ன நம்பி இங்க யாருய்யா போடறா?"

"அண்ணே, உங்க வீட்டுத் துணிக்கொடியப் பாருங்க" என்றாள் பிளான்ஷ்.

திரும்பிப் பார்த்தான். துறையிலிருந்து கொடி நன்றாகத் தெரிந்தது. "என் சட்டை ரெண்டு. துண்டு."

"காலுறை இருக்கா?"

"இல்லயே."

"சீசன் பூரா அக்கா தினம் விடியறதுக்குள்ள ஆத்துல இழுத்துட்டு வந்து, அந்தக் காலுறைய அலசி அங்க காயப்போடுவாங்க. கண்ணு வந்தத முந்தின நாளே பாத்துட்டா மறுநாள் இழுக்க மாட்டாங்க. கொடில காலுறை இல்லேன்னா அன்னிக்குத் தொப்பி. எங்கம்மா காலத்துலேர்ந்து ஊரே அதப் பாத்துத்தான் போடுது. வெண்ணெய வீட்டுல வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்களே!"

"அப்ப அந்தப் பரிசு?"

"வீட்டுக்குன்னுதானேய்யா சொன்னோம்! அந்தம்மா வர்றதுக்குள்ள நீ ஏறி நின்னு காலக் காட்ட ஆரம்பிச்சுட்ட" என்றான் உல்ரிக்.

லியோன்ஸுக்குக் காது சுட்டது. முப்பது வருசம் அந்தக் கொடியிலிருந்துதான் தன் சட்டையை உருவி மாட்டியிருக்கிறான். பக்கத்தில் என்ன தொங்கியது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட வருத்தமாக இருந்தது.

பலகையில் ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஏப்ரனில் ஜாம் கறையோடு ஸீட்டா நின்றாள்.

"சமையலறைலயும் ஒரு ரேடியோ இருக்குன்னு மறந்துட்டீங்களோ?"

"தப்புதான் ஸீட்டா. பெரிய தப்பு."

"தெரிஞ்சா சரி. நகருங்க." ஏறி முன்பக்கம் உட்கார்ந்தாள். "நீங்க இதச் சொல்லாட்டியும் மத்தியானம் வந்திருப்பேன். உங்க மேல கோவம், குஞ்சு மேலயா கோவம்? ஆயிரத்து இருநூறு பத்தாது. இந்த வருசம் கொட்டிக் கிடக்கு. கயித்த அவுங்க!"

சந்தோசத்தில் ரேடியோவை வைக்கக்கூடத் தோன்றாமல், அதன் பேசும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லியோன்ஸ் கயிற்றுக்குத் தாவினான். இடது முழங்கால் படகு விளிம்பில் நச்சென்று மோதியது.

"ஐயோ, என் காலு!"

ஆறு முழுக்கக் கேட்டது. அவன் பொத்தானிலிருந்து விரலை எடுத்ததும் உல்ரிக்கின் குரல் வந்தது.

"கால் சொல்லிடுச்சு, போடுங்கப்பா!"

பத்து நாளுக்குப் பிறகு ஸீட்டா வாய்விட்டுச் சிரித்தாள்.