கறுப்பாக இரண்டு இருபத்துநாலு

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை, கூலிக்கு எழுதியதில் மிஞ்சியது. கேளம்பாக்கத்தில் நாலாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு வெப்சைட்டுகளுக்குக் கட்டுரை எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. போன மாசம் முடி உதிர்வு, அதற்கு முந்தின மாசம் மெத்தை. இந்த மாசம் கருவிகள் விற்கும் ஒரு கம்பெனிக்காக, ‘சைட் வேலைக்கு இம்பாக்ட் சாக்கெட் தேர்ந்தெடுப்பது எப்படி?’ எட்டுக் குறிப்புகள். நட்டைத் திருகுகிற சாக்கெட்டை அதுவரை நான் கையால் தொட்டதுகூட இல்லை. அதனாலென்ன, மெத்தையைப் பற்றி எழுதினபோதும் பாயில்தான் படுத்திருந்தேன்.

நாலாவது குறிப்பு இது: ‘நிறத்தைப் பாருங்கள். வெள்ளியாகப் பளபளத்தால் அது கையால் திருகும் சாக்கெட். கறுப்பாக இருந்தால் மிஷினில் போடும் இம்பாக்ட் சாக்கெட். கறுப்பை எடுங்கள், கவலையை விடுங்கள்.’ கடைசி வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பத்துக்கு மீன் வாங்கப் போனேன். ஒரு வீட்டு வாசலில், கருவாடு காயும் தார்பாயின் ஓரத்தில், இருபது சாக்கெட் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் புதுசாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்தவை. ஒவ்வொன்றிலும் வெள்ளையில் நம்பர். அடடா, அழகாக இருக்கிறதே என்று போட்டோ எடுத்துக்கொண்டு வஞ்சிரத்தோடு வீடு வந்து சேர்ந்தேன்.

2

இரண்டு நாள் கழித்து, கட்டுரைக்கு வேறு படங்கள் வேண்டும் என்று செங்கல்பட்டு பஜாரில் அப்பாஸ் பாயின் டூல்ஸ் கடைக்குப் போனேன். பீற்றிக்கொள்வதற்காக அந்தப் போட்டோவைக் காட்டினேன். பாய் மூக்குக்கண்ணாடியை இறக்கி, படத்தை விரலால் பெரிசு பண்ணிப் பார்த்தார்.

“இதுல ரெண்டு தினுசு கலந்து கீது சார். பாதிக்கு மேல கை சாக்கெட்டு. எவன் அடிச்சான் கறுப்பு?”

“கறுப்பா இருந்தா இம்பாக்ட்தானே பாய்?”

“யாரு சொன்னது?”

நான்தான் என்று எப்படிச் சொல்வது?

“கை சாக்கெட்டு இரும்பு விறைப்பா இருக்கும், அடி தாங்காது. நட்டு திருகுற மிஷினு கீதே, அந்தக் கன்னுல மாட்டினா, டொக்டொக்டொக்குனு அது அடிக்கிற அடியில ஒரு நாள் விண்டுபூடும். துண்டு எங்க வரும்? கன்னு புடிக்கிறவன் மூஞ்சி எங்க கீதோ அங்கதான் வரும்.”

“மாட்டவே முடியாதபடி இருக்காதா?”

“ரெண்டுக்கும் மாட்டுற எடத்துல அதே அரை இஞ்சு சதுர ஓட்டைதான். கன்னுக்கு இன்னா தெரியும்?” பாய் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கனமாக இருந்தது. “கலரை நம்பாத. சுவரு தடிப்பா கீதா பாரு. பக்கத்துல, கழண்டு விழாம மாட்டுற பின்னு போற ஓட்டை கீதா பாரு. உள்ள எட்டி எண்ணு. கன்னுக்குள்ளது ஆறு மூலை. கைக்குள்ளது பெரும்பாலும் பன்னண்டு. பெயிண்ட் ஓட்டையை அடைச்சிரும் சார். மூலைய அடைக்க முடியாது.”

அன்றைக்கே குப்பத்துக்கு ஓடினேன். தார்பாய் இருந்தது, சாக்கெட் இல்லை. வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த சொர்ணம் அம்மாள், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். என் போன் நம்பரை எழுதிக் கொடுத்து, விஷயத்தை மூன்று தடவை சொன்னேன். “சரி, சொல்றேன் போ” என்றாள். சீட்டை முந்தானையில் முடிந்தாளா, கீழே போட்டாளா என்று கவனிக்கவில்லை. இன்றுவரை போன் வரவில்லை.

அந்த வீட்டுக்காரர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இனி வரும் வசந்தும் ஷீலாவும் நான் வைத்த பெயர்கள். பயம் மட்டும் நிஜம்.

3

ஆரம்பங்கள்:

‘கடல் எதையும் சும்மா விடுவதில்லை, இரும்பையும்…’ (வேண்டாம். கடல் இரும்பைத் தின்னட்டும், இப்படி ஒரு வாக்கியத்தை நான் எழுதக் கூடாது.)

‘வசந்த் சிறந்த ஃபிட்டர். அன்று காலை அவன்…’ (அன்று காலை என்று ஆரம்பித்தாலே விபத்து வரப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.)

‘ஷீலாவுக்கு அன்றைக்கு லீவு.’

இது பரவாயில்லை.

4

ஷீலாவுக்கு அன்றைக்கு லீவு. ரிசார்ட் ஒன்றில் அறை பெருக்கித் துடைப்பவள். ஆறு நாள் அடுத்தவன் படுக்கையைத் தட்டிப் போட்டவளுக்கு ஏழாவது நாளும் கை சும்மா இருக்கவில்லை. முந்தின சாயங்காலம் வசந்த் மண்ணெண்ணெயில் முக்கின துணியால் ஒரு சாக்கெட்டைத் தேய்த்துக்கொண்டிருந்ததுதான் அவள் மனசில் ஓடியது.

“இன்னா மாமா, அதயே தேய்ச்சுகினு கீற?”

“மறைமலைநகர்ல மொத சம்பளத்துல வாங்குன செட்டு. உப்புக் காத்து துன்னுது பாரு.”

“புச்சா வாங்கினியே, அந்தக் கறுப்பு?”

“அது கன்னுக்கு. இது கைக்கு. வேற வேற.” பிறகு, “கறுப்புல துரு அவ்ளோவா ஏறல பாரேன்” என்றான்.

ஏன் வேற வேற என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. எந்த வீட்டில்தான் இதெல்லாம் விளக்கிச் சொல்கிறார்கள்? அவள் காதில் தங்கினது கடைசி வார்த்தை மட்டும்தான்.

மாமனார் மூர்த்தி படகுக்கு நம்பர் எழுதின பெயிண்ட் மிச்சம் இருந்தது, கறுப்பும் வெள்ளையும். ஒவ்வொன்றாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். அடித்தாள், காயவைத்தாள், திரும்ப அடித்தாள். புதுசும் பழசும் ஒரே மாதிரி இருக்கட்டுமே என்று புதுசுக்கும் ஒரு கை. பல் குச்சியால் வெள்ளையில் சைஸ் நம்பர் எழுதினாள். பதினேழு, பத்தொன்பது, இருபத்துநாலு. பழைய தார்பாயில் ஒரு பை தைத்து, ஒரே நம்பர் உள்ளதெல்லாம் ஒரே அறையில் வைத்தாள். முன்னே இரண்டு செட்டும் தனித்தனி டப்பாவில் இருந்தன. டப்பாக்களைத் தூக்கிப் போட்டாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

திங்கட்கிழமை ஆறரைக்கு வசந்த் பையைத் தோளில் மாட்டினான்.

“இன்னா வெச்சிகீற, புதுப் பையி?”

“அங்க போயி தொற. தெரியும்.”

அவன் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான். அவள் தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

5

[இந்த இடத்தில் ஹரிப்ரியா குறுக்கே வந்தாள். என் மனைவி. முதல் வாசகி. சம்பளம் வாங்காத எடிட்டர்.]

“தப்பு பண்ண உனக்குப் பொம்பளைதான் கிடைச்சாளா?” என்றாள்.

சரி, பிரஷ்ஷை வசந்த் கையில் கொடுத்துப் பார்த்தேன். ‘வசந்த் பெயிண்ட் டப்பாவைத் திறந்து…’ திறக்கவே மாட்டேன் என்றான். தொழில் தெரிந்தவன் அடிக்க மாட்டான். மூர்த்தியிடம் கொடுத்தேன். பெரியவருக்குச் சாக்கெட்டில் என்ன அக்கறை? ஆசை இருக்கிறவர்கள்தான் அடிப்பார்கள். திரும்பவும் ஷீலாவிடமே வந்து நின்றது.

“அவ பண்ணதுல தப்பே இல்ல” என்றாள் ஹரிப்ரியா. “துருப் பிடிக்குதுன்னு பெயிண்ட் அடிச்சா. உப்புக் காத்துல யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க. கறுப்பை எடு, கவலையை விடுன்னு எழுதினது யாரு?”

கட்டுரை ஏற்கெனவே வெப்சைட்டில் ஏறியிருந்தது. கம்பெனிக்கு மெயில் போட்டேன், நாலாவது குறிப்பை மாற்றுங்கள் என்று. ‘அந்த வரிக்குத்தான் சார் நல்ல ரெஸ்பான்ஸ்’ என்று பதில் வந்தது. திரும்பப் போட்டேன். அதற்குப் பதிலே வரவில்லை. அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கிறது.

6

முடிவுகள்:

முதல் முடிவு. சாக்கெட் விண்டது. வசந்த் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு… [இதற்கு மேல் எழுதவில்லை. ஷீலாவுக்குப் போன் போக வேண்டும். யார் பண்ணுவது? அவள் கையில் ஒட்டின பெயிண்ட்கூட முழுசாகப் போயிருக்காது. என்னால் முடியாது.]

இரண்டாவது முடிவு. கையில் எடுத்ததுமே வசந்துக்குக் கனம் வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. சிரிக்கிறான். ‘லூசு’ என்று செல்லமாகத் திட்டிப் பொண்டாட்டிக்குப் போன் போடுகிறான். படிக்க நன்றாகத்தான் இருந்தது. நான் தப்பித்துக்கொள்வதற்காக எழுதினது என்பது மூன்றாவது வரியிலேயே தெரிந்துபோனது. கிழித்துவிட்டேன்.

மூன்றாவது முடிவு. சொர்ணம் அம்மாள் ஷீலாவிடம் சீட்டைக் கொடுக்கிறாள். ஷீலா உடனே வசந்துக்குப் போன் அடிக்கிறாள். போன் சாரத்துக்குக் கீழே, சாப்பாட்டுப் பையில் அடித்துக்கொண்டே… [இதில் நான் எங்கே இருக்கிறேன்? கேளம்பாக்கத்தில், ஃபேனுக்குக் கீழே.]

7

அதனால் உங்களைக் கூப்பிட்டிருக்கிறேன்.

கடற்கரை ரோட்டில் ஒரு ரிசார்ட்டுக்கு இரும்புக் கூரை ஏறிக்கொண்டிருக்கிறது. வெயில் ஏறிவிட்டது. வசந்த் சாரத்தின் மேல், கன்னோடு. வேர்வையில் மங்குகிறது என்று பாதுகாப்புக் கண்ணாடியை ஹெல்மெட்டுக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறான். கீழே நின்று சாமான் எடுத்துக் கொடுக்கும் தனகோடி நாஸ்தாவுக்குப் போய்விட்டார். தார்பாய்ப் பை அவர் திறந்துவிட்டுப் போனபடி தரையில் கிடக்கிறது, வசந்த் இன்னும் அதற்குள் பார்க்கவில்லை. பக்கத்தில் இப்போது நீங்கள்தான் நிற்கிறீர்கள்.

வசந்த் போல்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையைக் கீழே நீட்டுகிறான். “அண்ணாத்த, இருபத்துநாலு குடு.”

அந்த அறையில் இரண்டு இருக்கின்றன. இரண்டும் கறுப்பு. இரண்டிலும் ஷீலாவின் கையெழுத்தில் வெள்ளை இருபத்துநாலு. பின் ஓட்டை இருந்தாலும் பெயிண்ட் அடைத்திருக்கும்.

நான் எழுதின நாலாவது குறிப்பை மறந்துவிடுங்கள். வெளிச்சத்தில் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்து மூலைகளை எண்ணுங்கள். அவசரமில்லை, கொஞ்ச நேரம் காத்திருப்பான். கையை இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.