மேஜைமேல் ஓடிய கார்

காலை ஏழு மணிக்கு வர வேண்டிய மாற்று ஆள் எட்டரை ஆகியும் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவும் இல்லை. அந்த ஆள் மட்டும் அப்போது எதிரே நின்றிருந்தால், ஆஸ்பத்திரி எலக்ட்ரீசியன் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பார். இரவெல்லாம் லிஃப்டோடு மல்லுக்கட்டியதில் அவருக்குக் கண்ணில் மிளகாய்ப் பொடி தூவின மாதிரி எரிந்தது. அந்த நேரம் பார்த்தா குழந்தைகள் வார்டு சிஸ்டர் வந்து நிற்க வேண்டும்?

“கரண்ட் அண்ணா, கார் நகர மாட்டேங்குது.”

“யாரு காரு?”

“நம்ம சிவப்புக் கார்தாண்ணா. பத்து மணிக்கு வாலு ஆபரேஷன் தியேட்டருக்குப் போகணும்.”

அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் போகும் குழந்தைகளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போவதில்லை. ஒரு பேட்டரிக் காரில் உட்கார வைத்துவிடுவார்கள். அதுகளே நீள வராந்தாவில் ஓட்டிக்கொண்டு போகும். அந்த யோசனை யாருக்கு வந்ததோ, அவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் அதை யார் சார்ஜ் போடுவது என்று மட்டும் ஒருத்தரும் யோசிக்கவில்லை. காலை ஷிஃப்ட் மாலை ஷிஃப்டை நம்பும், மாலை ஷிஃப்ட் காலை ஷிஃப்டை நம்பும். நடுவில் கார் மூன்று நாள் பட்டினி கிடக்கும்.

வாலு என்பது ஆறு வயதுப் பெண். பெயரை வார்டுதான் வைத்தது. தொண்டையிலும் மூக்குக்குப் பின்னாலும் சதை வளர்ந்து, தூங்கும்போது மூச்சு நின்று நின்று வந்தது. எட்டு மாதமாக அவள் அம்மா இரவில் ஒழுங்காகப் படுத்ததில்லை. மகளின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாளாம். முதல் தடவை கார் சார்ஜ் இல்லாமல் கிடந்ததால் ஸ்ட்ரெச்சர் வந்தது; அது வேண்டாமென்று வாலு ஆர்ப்பாட்டம் பண்ணி, ஒரு கம்பவுண்டரைக் கடித்தும் வைத்ததில் ஆபரேஷன் நின்றது. இரண்டாம் தடவை ஜலதோஷம். இன்றைக்கும் விட்டால் இன்னும் இரண்டு மாதம் கழித்துத்தான் தேதி.

எலக்ட்ரீசியன் காரைத் தூக்கி மேஜைமேல் போட்டார். சார்ஜரில் விளக்கு எரிந்தது. ஃபியூஸ் போகவில்லை. ஒயர் எதுவும் கழன்றிருக்கவில்லை. சீட்டைக் கழற்றினால் அடியில் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு, ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கட்டியிருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தார். ஒன்று ஆறைக் காட்டியது. மற்றது மூன்றில் படுத்துவிட்டது.

இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். அது அவருக்குத் தெரியாததா என்ன! பழசும் புதுசும் ஒரே வண்டியில் ஒத்துப்போகாது. ஆனால் ஸ்டோரில் புதிது ஒன்றுதான் இருந்தது. அதே மாதிரி பேட்டரி வராந்தாச் சுவரில் இருக்கும் எமர்ஜென்சி விளக்குக்குள்ளும் உண்டு. ஏணி எடுக்க வேண்டும், ஏற வேண்டும், நாலு திருகு கழற்ற வேண்டும். அவருக்கு உடம்பு வணங்கவில்லை. படுத்ததை மட்டும் மாற்றிவிட்டுப் பெடலை அமுக்கினார். மேஜைமேல் சக்கரம் நாலு கால் பாய்ச்சலில் சுற்றியது.

“ஜம்முன்னு ஓடும். கூட்டிட்டுப் போங்க,” என்றார்.

வாலு ராணி மாதிரி ஏறி உட்கார்ந்தாள். அம்மா ஒரு பக்கம், சிஸ்டர் ஒரு பக்கம். தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டு எலக்ட்ரீசியனும் பின்னால் நடந்தார். இருபதடி ஓடியது. திருப்பத்தில் முனகியது. நின்றேவிட்டது.

வாலு பெடலை மிதித்தாள். மறுபடி மிதித்தாள். பிறகு திரும்பி அவரைப் பார்த்தாள்.

“ஓடும்னு சொன்னீங்கல்ல மாமா?”

“சொன்னேன்.”

“பின்ன ஏன் பாதியில நின்னுச்சு?”

சிஸ்டர் குறுக்கே புகுந்து, “காருக்கு டயர்டா இருக்குடா, நாம நடந்தே போயிடலாம்,” என்றார்.

வாலு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உதடு பிதுங்கிவிட்டது. “டாக்டரும் பாதியில நிறுத்திடுவாங்களா?”

அம்மாவின் முகத்தைப் பார்க்க எலக்ட்ரீசியனுக்குத் தெம்பில்லை. வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி அவர் கூனிக் குறுகியதில்லை. காலை மடக்கிக் காரின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

“கார் மேல தப்பில்லம்மா. தப்பு என்னோடது. ராத்திரி பூரா தூங்கல. ரெண்டு பேட்டரி மாத்தணும், சோம்பல்பட்டு ஒண்ணுதான் மாத்தினேன். ஆளை உக்கார வச்சு ஓட்டிப் பாக்கணும், அதையும் செய்யல. வெறும் மேஜைல ஓடினதும் போதும்னு விட்டுட்டேன்.”

வாலு மூக்கை உறிஞ்சினாள். “இப்ப மாத்துவீங்களா?”

“அஞ்சு நிமிஷம் குடு.”

ஏணி வந்தது. முட்டி கடகடவென்று சத்தம் போட மேலே ஏறி, விளக்கைக் கழற்றி, பேட்டரியை எடுத்துக்கொண்டு இறங்கி, காரில் மிச்சமிருந்த பழசின் இடத்தில் மாட்டினார். மீட்டர் சரியாகவே காட்டியது. இந்தத் தடவை மீட்டரை அவர் நம்பவில்லை. வாலுவை உட்கார வைத்துப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, காரைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தார். அது அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

“ஐயோ மாமா, விடுங்க!” என்று வாலு சிரித்தாள்.

தியேட்டர் வாசலில் பச்சை உடுப்போடு டாக்டரம்மா காத்திருந்தார். பத்து நிமிஷம் தாமதம். வாலு கதவுக்கு முன்னால் காரை நிறுத்தினாள்.

“வாங்க மேடம், உள்ள போலாமா?” என்றார் டாக்டரம்மா.

“நேத்து தூங்குனீங்களா?” என்று கேட்டாள் வாலு.

“பெரியவங்ககிட்ட என்ன பேச்சுடி இது!” என்று அம்மா பதறினாள். டாக்டரம்மா எலக்ட்ரீசியனைப் பார்த்தார், கையில் தொங்கிய பழைய பேட்டரியைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

“தூங்கினேன். ஆறு மணி நேரம்.”

வாலு எலக்ட்ரீசியன் பக்கம் திரும்பினாள். “ஆறு போதுமா மாமா?”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

“தாராளமா போதும்மா. அதுல பாதி எனக்குக் கிடைச்சிருந்தா இந்தக் கார் நின்னிருக்கவே நின்னிருக்காது.”

வாலு தலையை ஆட்டினாள். பிறகு பெடலை மிதித்தாள். கார் உள்ளே போனது, கதவு சாத்திக்கொண்டது.

அம்மா கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெறுங்கை, மகளின் நெஞ்சில் வைக்கிற மாதிரியே விரிந்திருந்தது. அந்தக் கையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

“உக்காருங்கம்மா,” என்று பெஞ்சைக் காட்டினார் எலக்ட்ரீசியன். “கொஞ்சம் கண்ணை மூடுங்க. உள்ளேர்ந்து கூப்பிட்டா நான் எழுப்பறேன்.”

“நீங்களும் தூங்கலையே அண்ணா?”

“நான் முழிச்சிருக்கேன். நீங்க படுங்க.”

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தலை சுவரில் சாய்ந்துவிட்டது. எலக்ட்ரீசியன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, கதவுக்கு எதிரே நின்றார். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று அவருக்குப் பயமாக இருந்தது.