பக்கத்துக் கல்லறைக்காரருக்கும் அழைப்பு

பொய் சொன்னால் என் மீசை உதிர்ந்துவிடும். எனக்கு மீசை இல்லை. ஆகவே துணிந்து சொல்கிறேன்.

புலம்பெயர்ந்து வந்து தோர்ண்டன் ஹீத்தில் மணவறை வாடகைக்கு விடுகிறவன் நான். போன வைகாசியில் நயோமி என்ற யூதப் பெண் வந்தாள். அவர்களுக்கும் மணவறை உண்டு: நான்கு தடி, மேலே ஒரு துணி. தடிக்கு ஒருவராக நால்வர் பிடித்து நிற்பார்கள். ஹூப்பா என்று பெயர். அதைத்தான் வாடகைக்குக் கேட்டாள்.

"இறந்த பெற்றோரைக் கல்லறைக்கே போய் அழைப்பது எங்கள் வழக்கம்," என்றாள் நயோமி. "அப்பா வரமாட்டாரோ என்றுதான் பயம். கலியாணம் நடக்கப்போகும் எங்கள் கோயிலின் கமிட்டியோடு சண்டை பிடித்து, இனி இந்த வாசற்படி மிதியேன் என்று சத்தியம் செய்தவர். அப்படியே செத்தும் போனார்."

கமிட்டிச் சண்டை என்றதும் அந்த மனிதர் எனக்குச் சொந்தக்காரர் போலாகிவிட்டார். நானும் மனைவி பாலாம்பிகையும் அவளை மணவறைச் சாமான் ஏற்றும் எங்கள் வேனிலேயே மயானத்துக்குக் கூட்டிப்போனோம்.

நயோமி தகப்பனின் கல்லருகே நின்று மெல்லப் பேசினாள். பாலாம்பிகைக்குப் பொறுக்கவில்லை.

"என்னப்பா இது? அயலட்டையில இத்தனை பேர் கிடக்க, ஒராளுக்கு மட்டும் சொல்லிப்போட்டுப் போறதோ?"

"சும்மா இரும். உவையளுக்குத் தமிழ் விளங்காது."

"மரியாதை விளங்கும்."

வரிசை வரிசையாகப் போய்க் கைகூப்பினாள். "ஞாயிறு பின்னேரம் பிள்ளைக்குக் கலியாணம். குடும்பமா வந்திடுங்கோ."

ஞாயிறு வந்தது. யூதக் கோயில் மண்டபத்தில் பாதி நாற்காலிகள் காலி. அதிலொன்றில் அமரப்போன ராபியின், அதாவது யூதக் குருவின், மனைவி, "மன்னிக்கவும்" என்று சட்டென எழுந்தாள். யாரிடம் மன்னிப்புக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே நல்ல வெயில். உள்ளே குளிரில் எங்கள் வாயிலிருந்து ஆவி பறந்தது. காலி நாற்காலிகளின் கீழே ஈரமண். ஒவ்வொன்றிலும் ஒரு கூழாங்கல். யூதர்கள் கல்லறைக்குப் பூ வைப்பதில்லை, கல்தான் வைப்பார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை.

முதல் வரிசையில் தகப்பனுக்கென்று விட்ட நாற்காலி மட்டும் காய்ந்து கிடந்தது. கல்லும் இல்லை.

"அப்பா வரவில்லை. அவர் வராமல் நான் தொடங்கமாட்டேன்," என்றாள் நயோமி.

பாலாம்பிகை இடுப்பில் கைவைத்துக் காலி நாற்காலிகளைப் பார்த்தாள்.

"எங்க இவளின்ரை தேப்பன்?"

அத்தனை நாற்காலிகளும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டு வாசல் பக்கம் திரும்பின.

வாசலில் ஒருவருமில்லை. படிக்கு வெளியே இரண்டு ஈரச் சப்பாத்துத் தடங்கள், நுனி உள்நோக்கி.

"மனிசன் வந்திட்டுது. சத்தியத்தாலதான் உள்ளுக்கு வர ஏலாமல் நிக்குது," என்றாள் பாலாம்பிகை. "ஹூப்பாவை வெளி முற்றத்துக்குக் கொண்டு போங்கோப்பா."

திறந்த வானத்தின் கீழ் இன்னும் விசேஷம் என்றார் ராபி. அவருக்கும் உள்ளே நிற்கப் பிடிக்கவில்லை என்பது என் ஊகம்.

முற்றத்தில் தடிகளை நிமிர்த்தினோம். ஆசீர்வாதம் தொடங்கியதும், பின்பக்கத் தடியைப் பிடித்திருந்த மாப்பிள்ளையின் நண்பன் அலறிக்கொண்டு கையை விட்டான். "என் கைக்குக் கீழே இன்னொரு கை!"

தடி விழவில்லை. முப்பது வருஷமாக மணவறை கட்டுகிறேன். அடிக்கட்டை இல்லாத தடி தானாக நிற்காது. அது நின்றது.

நயோமி அதைத் தொட்டாள். "அப்பா, கை நோகிறதா?"

காற்றே இல்லை. மேலே துணி முழுவதும் விம்மி விம்மி நடுங்கியது.

சடங்கு முடியும்வரை அவள் அந்தத் தடியில்தான் சாய்ந்து நின்றாள். மாப்பிள்ளை கொஞ்சம் தள்ளி நிற்கவேண்டியதாயிற்று.